பாவ்லோவாவின் அன்னத்தை ஆடக் கற்றுக்கொண்ட அனுபவம்

பரதநாட்டியம் கற்ற தோழிகள் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பாலே கற்பது எப்படி இருந்தது, வயது தடையாக இருந்ததா, கால் தாங்கியதா என்று. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

லண்டனில் பெரியவர்களுக்காக மாலை நேரத்தில் நடக்கும் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். முப்பதுகளின் கடைசியில் இருந்தேன். பாலேயை முழுவதும் கற்றுத் தேற வேண்டும் என்ற எண்ணம் இல்லை. ரஷ்ய பாலே நடனக் கலைஞர் அன்னா பாவ்லோவாவின் 'சாகும் அன்னம்' ஒன்றை மட்டும் முறையாகக் கற்று ஆட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. சில நிமிடங்களே நீளும் தனி ஆட்டம் அது. சான்-சான்ஸ் 1886-இல் எழுதிய 'விலங்குகளின் திருவிழா' இசைத் தொகுப்பில் செல்லோவுக்கென்று வரும் ஒரு பகுதிக்கு நடன அமைப்பாளர் மிஹாயில் ஃபோகின் அமைத்துக் கொடுத்தது. பாவ்லோவா தன் வாழ்நாளில் இதைச் சுமார் 4,000 முறை ஆடினார் என்று சொல்வார்கள்.

முதல் நாளே ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். "கணுக்கால் தயாராகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

அந்தத் தயாராகும் காலம்தான் நீளமானது. விரல் நுனியில் நிற்பதற்கான பாயின்ட் ஷூவைப் போடுவதற்கு முன் பாதம், கெண்டைக்கால், வயிற்றுத் தசை எல்லாம் வலுப்பட வேண்டும். சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்துவது, மெல்ல இறக்குவது, மறுபடி உயர்த்துவது என்று மாதக்கணக்கில் போனது. பாதத்தை நீட்டினால் முழங்காலுக்குக் கீழே காலின் முன்புறமும் பாதத்தின் மேற்புறமும் ஒரே கோட்டுக்கு வர வேண்டும். அப்படி வராத காலை அவசரப்பட்டு விரல்மேல் ஏற்றினால் எடை பின்னுக்கு விழும், கணுக்காலுக்குக் கேடு.

பரதம் இங்கே உதவவும் செய்தது, இடைஞ்சலும் செய்தது. அரைமண்டியில் வருடக்கணக்கில் உட்கார்ந்து பழகிய தொடைக்கு, இடுப்பிலிருந்து காலை வெளிப்புறம் திருப்பி நிற்பது புதிதில்லை. தாளத்திலும் சிரமம் இல்லை. ஆனால் நம் ஆட்டத்தில் பாதம் தரையைத் தட்ட வேண்டும், சத்தம் கேட்க வேண்டும். குதித்து மெட்டு அடவில் முன்பாதத்தில் எழுந்தாலும் உடனே குதிகால் தரையில் விழுந்தாக வேண்டும். பாலேயிலோ, கால் இறங்குவதே காதில் விழக் கூடாது. குதிகாலைத் தட்டி இறக்கும் பழக்கத்தை விடத்தான் மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு அதிக காலம் பிடித்தது.

இந்தக் காத்திருப்பில்தான் பாவ்லோவாவின் வாழ்க்கையைப் படித்தேன். வேறு எப்போது படித்திருந்தாலும் இவ்வளவு உறைத்திருக்காது. 1881-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு சலவைத் தொழிலாளிப் பெண்ணுக்குப் பிறந்தவர். குறைமாதக் குழந்தை, நோஞ்சான் உடம்பு. எட்டு வயதில் அம்மா மரீன்ஸ்கி தியேட்டருக்குக் கூட்டிப்போய் 'உறங்கும் அழகி' பாலேயைக் காட்டினார். அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்கு வேறு நினைப்பில்லை. ஆனால் வயதும் போதாது, உடம்பும் போதாது என்று அரசு பாலே பள்ளி முதலில் திருப்பி அனுப்பியது. 1891-இல், பத்து வயதில்தான் இடம் கிடைத்தது.

உள்ளே போன பிறகும் உடம்புதான் பிரச்சினை. அந்தக் காலத்தில் அங்கே மதிக்கப்பட்டது இத்தாலிய நட்சத்திரங்களின் கச்சிதமான, தசைப்பிடிப்பான உடம்பும் சுழற்சிமேல் சுழற்சியாக ஆடி அசத்தும் கால்களும். இவருக்கோ நீண்ட கைகால்கள், மெல்லிய கணுக்கால், மிக அதிகமாக வளைந்த பாதம். கூடப் படித்தவர்கள் 'துடைப்பம்' என்று கேலி செய்தார்கள். இவரும் இத்தாலியர்களைப் போல ஆடிப் பார்த்தார். ஆசிரியர் பாவெல் கெர்த் தடுத்தார்: வித்தை காட்டுவதை மற்றவர்களுக்கு விட்டுவிடு, உன் மென்மைதான் உன் பலம். ஒரு மாணவியின் உடம்பை இப்படிப் படிக்கத் தெரிந்த ஆசிரியர் கிடைப்பது பெரிய கொடுப்பினை. 1899-இல் தேறி வந்த பாவ்லோவா, 1906-இல் பிரைமா பாலரினா, அதாவது முதன்மை நடனக் கலைஞர், ஆனார்.

ஒருவழியாக எனக்கும் அனுமதி கிடைத்தது. கடையில் ஷூ பொருத்திப் பார்ப்பதே தனி வேலை. முன்னால் இருக்கும் கெட்டியான பெட்டி துணி, காகிதம், பசை ஆகியவற்றை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்வது. உள்ளே இரும்பு கிரும்பு எதுவும் கிடையாது. விரல்களின் நீள வரிசை, பாதத்தின் அகலம், வளைவு எல்லாம் பார்த்து, முழங்காலை மடக்கி நிற்கச் சொல்லி, பிறகு விரல்மேல் ஏற்றி, குதிகாலில் மிஞ்சும் துணியைக் கிள்ளிப் பார்க்கிறார்கள். ரிப்பனை நாமே தைத்துக்கொள்ள வேண்டும். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலால் தையுங்கள், அறாது என்று வகுப்பில் ஒருவர் சொன்னார். உண்மைதான், அறுந்ததே இல்லை.

"ஏண்டி, ரத்தம் கித்தம் வருமா?" என்று அம்மா போனில் கேட்டார். ரத்தம் வரவில்லை. கொப்புளம் வந்தது, ஒரு நகம் கறுத்தது.

அந்தக் கொப்புளங்களோடு படித்ததால்தான் பாவ்லோவாவின் ஷூ விஷயம் எனக்கு முக்கியமாகப் பட்டது. பாதம் அவ்வளவு வளைந்திருந்ததால் எடை முழுவதும் கட்டைவிரலில் போய் இறங்கியது. அதனால் ஷூவுக்குள் கெட்டியான தோல் அட்டையை வைத்துக்கொண்டார், நுனியைத் தட்டையாக்கிக் கடினமாக்கிக்கொண்டார். இது ஏமாற்று வேலை என்று சொன்னவர்கள் உண்டு. சொந்த வலுவில் நிற்பதுதான் அழகு என்பது அவர்கள் வாதம். இன்று நாம் போடும் பாயின்ட் ஷூ அவர் போன வழியில்தான் வந்திருக்கிறது. எனக்கு இதில் சந்தேகமே இல்லை: தன் பாதத்துக்கு எது வேண்டும் என்று யோசித்து, பேச்சைப் பொருட்படுத்தாமல் அதைச் செய்தவர் அவர்.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். 'சாகும் அன்னம்' பார்க்க எளிது. பெரிய தாவல்கள் இல்லை, சுழற்சிகள் மிகக் குறைவு. கிட்டத்தட்ட முழுவதும் பூரே என்ற ஒரே நடைதான். இரண்டு கால்களையும் ஒட்டி வைத்துக்கொண்டு விரல் நுனியில் மிகச் சிறிய, மிக வேகமான அடிகள். கால் நகர்வதே தெரியாமல் உடம்பு தரைமேல் வழுக்கிப் போக வேண்டும். முழங்காலை இறுக்கினால் நடை வெட்டும். தளர விட்டால் இடுப்பு அமர்ந்துவிடும். அதற்கு நடுவில் ஒரு நிலை இருக்கிறது. அது கிடைத்த அன்று ஆசிரியை கை தட்டினார்.

ஃபோகின் இதைச் சில நிமிடங்களில் அமைத்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர் முன்னால் ஆட, பாவ்லோவா பின்னால் தொடர, பிறகு பாவ்லோவா தனியாக ஆட, அவர் கூடவே நடந்து கைகளைத் திருத்தியிருக்கிறார். கைகள்தான் எனக்கும் கடைசி வரை பாடமாக இருந்தன. பரதத்தில் கை ஒரு முத்திரையில் போய் முடியும், கண் அங்கே போகும். இங்கே கை எங்கும் முடிவதில்லை. முதுகுப் பலகையில் தொடங்கி, முழங்கை, மணிக்கட்டு என்று வந்து விரல் சேரும் நேரத்தில் முதுகில் அடுத்த அசைவு தொடங்கியிருக்கும். 1924-இல் ஹாலிவுட்டில் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸின் ஸ்டூடியோவில் பாவ்லோவா ஆடியதைப் படம் பிடித்திருக்கிறார்கள், இன்றும் பார்க்கலாம். ஒலியில்லாத படம். நாற்பதைக் கடந்த பாவ்லோவா. அந்தப் பறவை அமைதியாகச் சாகவில்லை என்பதை அதில்தான் கண்டேன். ஒவ்வொரு தடவையும் எழப் போராடுகிறது. நான் அதுவரை மென்மையாக மட்டும் ஆடிக்கொண்டிருந்ததை அதன் பிறகு ஆசிரியையோடு உட்கார்ந்து மாற்றி அமைத்தோம்.

பாவ்லோவாவைக் குறைத்துப் பேசுகிறவர்கள் சொல்வது இதுதான்: புதுமைக்குப் பெயர்போன தியாகிலெவின் ரஷ்ய பாலே குழுவில் நிலைக்கவில்லை, ஸ்ட்ராவின்ஸ்கியின் புதிய இசை அவருக்குப் பிடிக்கவில்லை, சிறு சிறு ஆட்டங்களையே ஆடிக்கொண்டிருந்தார். இருக்கட்டும். அவர் 1912-இல் லண்டன் கோல்டர்ஸ் கிரீனில் ஐவி ஹவுஸ் என்ற வீட்டை வாங்கினார். அங்கே குளத்தில் அன்னங்கள் வளர்த்தார், இளம் பெண்களுக்குப் பாடம் சொன்னார், சொந்தக் குழுவோடு கப்பலிலும் ரயிலிலுமாக உலகம் முழுக்கப் போனார். பாலேயையே கண்டிராத ஊர்களில் ஆடினார். 1917-இல் பெரு நாட்டின் லிமா நகரில் அவர் ஆட்டத்தைப் பார்த்த பையன்தான் ஃபிரெடெரிக் ஆஷ்டன், பிற்காலத்தில் பிரிட்டிஷ் பாலேயின் பெரிய நடன அமைப்பாளர். இப்படி எத்தனை பேர் பெட்டி கட்டிக்கொண்டு நடனத்துக்கு வந்திருப்பார்கள்!

அந்தப் பயணங்களில் நம் கதையும் இருக்கிறது. 1923-இல் பாவ்லோவா இந்திய நடனக் கலைஞர் உதய் சங்கரோடு லண்டனில் 'ராதா கிருஷ்ணா' ஆடினார். பம்பாயில் அவர் ஆட்டத்தைப் பார்த்த ருக்மிணி தேவி (பின்னாளில் கலாக்ஷேத்ராவை நிறுவியவர்), பிறகு ஆஸ்திரேலியா போகும் கப்பலில் அவரோடு பழகி, அவர் குழுவிலிருந்த கிளியோ நோர்தியிடம் பாலே கற்றார். உன் நாட்டுக் கலையைப் பார் என்று பாவ்லோவா சொன்னது நாம் எல்லோரும் கேட்ட செய்தி. ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். அந்தக் கலை எங்கும் தொலைந்து கிடக்கவில்லை. தேவதாசிக் குடும்பங்களிலும் நட்டுவனார்களிடமும் உயிரோடுதான் இருந்தது. ருக்மிணி தேவி கற்றதே பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம்தான். இந்த மரியாதையை விட்டுவிட்டுப் பாவ்லோவாவின் பெயரை மட்டும் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

1931 ஜனவரி 23 அன்று நெதர்லாந்தின் ஹேக் நகரில், நுரையீரல் நோயால் பாவ்லோவா இறந்தார். ஐம்பது வயதுக்குச் சில வாரங்கள் இருந்தன. அஸ்தி கோல்டர்ஸ் கிரீன் மயானத்தில் இருக்கிறது. நான் போய்ப் பார்த்து வந்தேன்.

வகுப்பின் வருடாந்திர நிகழ்ச்சியில், ஒரு சிறிய ஹாலில், ஆடி முடித்தேன். நடுவில் ஒரு இடத்தில் பூரே வேகம் குறைந்தது எனக்குத் தெரிந்தது. கைகள் நான் நினைத்தபடி வந்தன. நிறைவாக இருந்தது.

வர நினைக்கிறவர்களுக்கு: முதலில் பிசியோதெரபிஸ்ட்டிடம் கணுக்காலைக் காட்டுங்கள், பரதத்தில் பழைய அடி இருந்தால் கட்டாயம். ஷூவை ஆன்லைனில் வாங்க வேண்டாம். பரதத்தை நிறுத்தவும் வேண்டாம். ஒரே நாளில் இரண்டையும் வைத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும், இல்லாவிட்டால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். எந்த ஆட்டத்தைக் கற்க வந்தீர்கள் என்பதை ஆசிரியையிடம் முதல் வாரமே சொல்லிவிடுங்கள். அவர் பாடத்தை அதற்கேற்ப அமைக்க முடியும். நான் இப்போது 'ஜிசெல்' என்ற பாலேயில் முதல் அங்கத்தின் தனி ஆட்டத்தைத் தொடங்கியிருக்கிறேன். 1903-இல் பாவ்லோவாவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பாத்திரம் ஜிசெல். அந்தத் தனி ஆட்டத்தில் விரல் நுனியில் ஒற்றைக் காலால் துள்ளிக்கொண்டே மேடையைக் கடக்க வேண்டும். இடது கணுக்கால் இன்னும் வலுப்பட வேண்டியிருக்கிறது, கம்பியைப் பிடித்துக்கொண்டு பயிற்சி நடக்கிறது.