ஏழாவது கிரீனில் பதினோரு பள்ளங்கள்

இன்று அமெரிக்காவின் இல்லினாயில் ஒரு பள்ளி கோல்ஃப் ஆட்டம் முடிந்த கையோடு ஏழாவது கிரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், நான் எண்ணியது. பந்து விழுந்து குத்திய பள்ளங்கள், பதினொன்று. ஒன்றைக்கூட யாரும் சரிசெய்யவில்லை.

இதற்கென்றே சட்டைப் பையில் அடங்கும் சிறு முள்கருவி உண்டு. அந்த முள்ளைப் பள்ளத்தின் விளிம்பில் குத்தி, சுற்றியுள்ள புல்லை நடுவை நோக்கித் தள்ள வேண்டும். நாலு பக்கமும். பிறகு பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டர் மட்டையின் அடியால் மெல்லத் தட்டிச் சமமாக்கினால் போதும், அரை நிமிட வேலை.

பலர் அடியிலிருந்து நெம்பித் தூக்குகிறார்கள். அங்கேதான் வேர் அறுகிறது. அந்த இடம் பழுத்து, வாரக்கணக்கில் மொட்டையாகக் கிடக்கும்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் பெரும்பாலானவற்றுக்குச் சொந்த கோல்ஃப் மைதானம் கிடையாது. நகராட்சி மைதானமோ உள்ளூர் கிளப்போ பள்ளி விட்டபின் நேரம் ஒதுக்குவதால்தான் ‘ஹோம் கோர்ஸ்’ என்று ஒன்று இருக்கிறது. ஒன்பது குழி ஆடவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அக்டோபர் நடுவில் ஆறேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். காசு கட்டி ஆட வந்தவர்கள் பின்னால் பொறுமையாக நிற்கிறார்கள். பெரிய மனசு அது.

ஆட்டம் தொடங்கும் இடமான முதல் டீயில் ஸ்கோர் அட்டை கொடுக்கும்போதே, ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் அந்த முள் இருக்கிறதா என்று கோச் பார்த்து அனுப்பட்டும்.