விலை பேசியதும் வரும் கோபம்

திருகோணமலையில் எங்கள் மத்தியஸ்த சபைக்கு வரும் பிணக்குகளில் பெரும்பாலானவை காசும் காணியும்தான். கைமாற்றுக் கடன், எல்லை வேலி, கிணற்றுப் பங்கு, கட்டாமல் விட்ட சீட்டு. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி மத்தியஸ்தர்கள் மூன்று பேர் இருந்து கேட்போம். சட்டத்தரணிகள் வந்து வாதாட முடியாது. தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் எங்களுக்கும் இல்லை. இரண்டு பக்கமும் மனம் வைத்தால்தான் இணக்கம். அதனால் ஒருவர் ஏன் இறங்கி வர மறுக்கிறார் என்று விளங்கிக்கொள்வதிலேயே எங்கள் பாதி வேலை போய்விடும்.

ஒரு பிணக்கைச் சொல்கிறேன். ஆட்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். இந்தியாவில் அகதி முகாமில் இருந்துவிட்டு வந்தவர் தன் காணிக்கு மதில் கட்ட வேண்டும். அளந்து பார்த்தால் எல்லைக்கு உள்ளே ஒரு வேம்பு, அதன் கீழே வைரவர் சூலம். பக்கத்து வீட்டு அம்மா பல வருடமாக அங்கே விளக்கு வைத்து வருகிறார். சேவயர் பிளான், அதாவது நில அளவை வரைபடம், காணிக்காரர் பக்கம். அவரும் நல்ல மனதோடுதான் பேசினார்.

“அம்பதாயிரம் தாறன் அக்கா. வேற இடத்தில வடிவாக் கட்டுங்கோ.”

அந்த அம்மாவின் முகம் இறுகிவிட்டது. போதாது என்று நினைத்து அவர் ஒரு இலட்சம் என்றார். அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். “வைரவருக்கு விலை சொல்ல நீ ஆர் தம்பி?”

காசை மறுப்பவர் இன்னும் கூடுதலாக எதிர்பார்க்கிறார் என்று நினைப்பது நம் ஊரில் பொதுவான பழக்கம். அது பெரும் அநியாயம். ஜெரமி ஜிஞ்ஜெஸ், ஸ்கொட் அட்ரான் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. இஸ்ரேலியக் குடியேற்றவாசிகளிடமும் பாலஸ்தீனர்களிடமும் சமாதானத் திட்டங்களைக் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். நிலத்தைப் புனிதமாகக் கருதாதவர்கள், திட்டத்தோடு பண உதவியும் சேர்ந்தபோது கொஞ்சம் தணிந்தார்கள். புனிதமாகக் கருதியவர்களுக்கோ பணம் சேர்ந்ததும் கோபம் கூடியது. எதிர்ப்பக்கம் தனக்குப் பெரிதான ஒன்றை விட்டுக்கொடுப்பதாகச் சொன்னபோதுதான் அந்தக் கோபம் இறங்கியது. அதில் ஒரு சதம் காசும் இல்லை.

அடுத்த தவணைக்கு முன் எங்களில் மூத்தவர் ஒருவர் அந்த மனிதரோடு தனியாகக் கதைத்தார். தவணை நாளில் அவர் பிளானை விரிக்கவே இல்லை. “அக்கா, நாங்க எல்லாரும் ஓடேக்க அந்த விளக்கை அணைய விடாமல் வச்சிருந்தது நீங்கதான். அதுக்கு நான் காசு கதைச்சது பிழை.” அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவரே, “மதில் எதால வருது, காட்டு பாப்பம்” என்றார். பிளான் மேசைக்கு வந்தது. மதில் அந்த இடத்தில் மூன்றடி உள்ளே வளைந்து போவதாக முடிவானது. அந்த மூன்றடியின் பெறுமதி அவர் முதலில் சொன்ன காசைவிடக் கூட. அதை அவர் பெரிதாக எடுக்கவில்லை.

இதே கோபத்தை அரசியலிலும் பார்க்கிறேன். 2024 செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல் நடந்த நாட்களில், தேநீர் வேளையில் எங்களுக்குள்ளேயே பெரிய வாக்குவாதம். தமிழ்க் கட்சிகள் சில சேர்ந்து நிறுத்திய தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கு வாக்களிப்பதா, வெல்லக்கூடிய தெற்கு வேட்பாளர் ஒருவரிடம் பேரம் பேசுவதா? ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் “வெல்லாத ஆளுக்குப் போட்டு என்ன பலன்?” என்று கேட்டார். இளையவர் ஒருவருக்கு அந்தக் கேள்வியே அவமானமாகப் பட்டது. ஒருவர் கணக்குப் பேசுகிறார், மற்றவருக்கு அது மானம். ஆசிரியர் நன்மைகளை அடுக்க அடுக்க, இளையவருக்கு அது இன்னொரு ஐம்பதாயிரமாகத்தான் கேட்டது.

முடிவு வந்த பிறகாவது அடங்குவார்கள் என்று பார்த்தால் இல்லை. அரியநேத்திரனுக்கு 2,26,343 வாக்குகள், ஐந்தாம் இடம். ஆசிரியருக்கு அது மக்கள் நிராகரித்ததன் அத்தாட்சி. இளையவருக்கு அதே எண் மக்கள் நிமிர்ந்து நின்றதன் அத்தாட்சி. 1979இல் லோர்ட், ரொஸ், லெப்பர் ஆகிய உளவியலாளர்கள் ஸ்டான்ஃபோர்ட் மாணவர்களிடம் கண்டதும் இதைத்தான். மரண தண்டனையை ஆதரித்தவர்களுக்கும் எதிர்த்தவர்களுக்கும் ஒரே ஆய்வுகளைக் கொடுத்தார்கள். இரு பகுதியும் தத்தமது கருத்தில் முன்பைவிட உறுதியாகிப் போனது. தரவைக் காட்டினால் மனம் மாறும் என்று நம்பும் படித்தவர்கள் நம்மிடையே நிறைய. எனக்கு அந்த நம்பிக்கை குறைந்துவிட்டது.

இப்போது ஒரு பிணக்கு வந்தால் தொகையையும் ஆவணத்தையும் பிறகு பார்க்கலாம் என்கிறேன். “இதில் உங்களால விடவே ஏலாதது எது?” என்று இரண்டு பக்கத்தையும் முதலில் கேட்கிறேன். பலர் “அப்பிடி ஒண்டும் இல்லை ஐயா” என்பார்கள். சரி, அவர்களோடு தாராளமாகக் காசு பேசலாம். ஒன்றைச் சொல்பவர்களிடம் காசு என்ற பேச்சை நான் எடுப்பதில்லை, மற்றப் பக்கம் எடுக்கப் பார்த்தாலும் நிறுத்திவிடுவேன்.