அனல் மூண்ட இருதயம்

புதுச்சேரி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது திரு இருதய ஆண்டவர் பசிலிக்கா. 1902-ல் தொடங்கி 1907-ல் கட்டி முடித்த கோதிக் பாணிக் கோயில். 2011-ல் பசிலிக்கா என்ற சிறப்பைப் பெற்றது. கடலூரிலிருந்து பஸ் பிடித்து, ஒரு முதல் வெள்ளிக்கிழமை காலையில் போனேன். மாதத்தின் முதல் வெள்ளி, கத்தோலிக்கர்கள் இயேசுவின் திரு இருதயத்தின்மேல் வைக்கும் பக்திக்கு உரிய நாள்.

நான் கத்தோலிக்கர் அல்ல. எங்கள் குடும்பம் வெஸ்லியன் மிஷன் வழி வந்தது. அம்மாவின் அப்பா மன்னார்குடிக்காரர். 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அந்த மெதடிஸ்ட் சபைகளும் அதில் இணைந்துவிட்டன. ஆனாலும் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஆங்கிலேயப் போதகர் ஜான் வெஸ்லி பெயரைக் கேட்காமல் எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபம் முடிந்ததில்லை. நான் வளர்ந்த ஆலயத்தில் வெள்ளைச் சுவர், மரச் சிலுவை, அவ்வளவுதான். அந்த எளிமை இன்றும் எனக்குப் பிரியமானது. அதோடுதான் இந்த வண்ணக் கண்ணாடிகளுக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன்.

திருப்பலி முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. திரு இருதயத்தின்மேல் பக்தி கொண்டிருந்த 28 புனிதர்கள் இங்கே கண்ணாடியில் இருக்கிறார்கள். இரண்டு வரிசை தள்ளி ஒரு பாட்டி, பேத்திக்கு ஜன்னல்களைக் காட்டிக்கொண்டிருந்தார். “மூஞ்சியப் பாத்துத் தெரியாது பாப்பா, கையில என்ன வச்சிருக்காங்கன்னு பாரு” என்றார். இதைவிட நல்ல பாடம் இருக்க முடியாது. பேதுரு என்றால் சாவி, பவுல் என்றால் வாள், சூசையப்பர் என்றால் லீலி மலர். சுவிசேஷகர் நால்வருக்கும் மனிதன், சிங்கம், காளை, கழுகு. எழுத்துத் தெரியாத விசுவாசியும் வேதத்தைத் தெரிந்துகொள்ளட்டும் என்று நூற்றாண்டுக்கணக்கில் வளர்த்தெடுத்த முறை இது.

நிறங்களுக்கும் பொருள் உண்டு. நீலம் விண்ணகத்துக்கும் மாதாவுக்கும், பச்சை நம்பிக்கைக்கு, வெள்ளை தூய்மைக்கு. சிவப்பு ரத்தசாட்சிகளுக்கும் பரிசுத்த ஆவிக்கும். இந்த வகைக் கண்ணாடியில் நிறத்தைப் பெரும்பாலும் மேலே பூசுவதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கண்ணாடி உருகிக் கிடக்கும்போதே உலோக உப்புகளைச் சேர்ப்பார்கள். கோபால்ட் சேர்த்தால் நீலம். துளி தங்கம் சேர்த்தால் மாணிக்கச் சிவப்பு. முகத்தின் கோடுகளை மட்டும் மேலே தீட்டி மறுபடி சூளையில் சுடுவார்கள். அப்புறம் துண்டுகளை ஈயப் பட்டைகளால் கோத்து இணைப்பார்கள். ஆக, தீயைக் கடக்காத துண்டு ஒன்றுகூட ஜன்னலில் ஏறுவதில்லை. என் மனம் அங்கேயே நின்றுவிட்டது.

ஏனென்றால் திரு இருதயச் சித்திரமும் தீதான். ஆண்டவரின் இருதயம் மார்புக்கு வெளியே தெரியும். சுற்றி முள்முடி, பக்கத்தில் ஈட்டி குத்திய காயம், மேலே சிலுவை, உச்சியில் கொழுந்துவிடும் சுடர். பிரான்சில் 1673 முதல் 1675 வரை மார்கரீத் மரி அலக்கோக் என்ற கன்னியாஸ்திரீ கண்ட காட்சிகளிலிருந்து இந்தப் பக்தி பரவலானது. படத்தின் முன் ஜெபிப்பது எங்கள் வழக்கமல்ல. ஆனால் அந்தச் சுடர் எனக்கு அந்நியமானதல்ல.

1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சிறு கூட்டம். பவுலின் ரோமர் நிருபத்துக்குச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசிக்கிறார். இரவு ஒன்பது அடிக்கக் கால் மணி நேரம் இருக்கும்போது தன் இருதயம் விசித்திரமாக அனல் கொண்டதை உணர்ந்தேன் என்று வெஸ்லி எழுதி வைத்திருக்கிறார். மெதடிஸ்ட் இயக்கம் அந்தச் சூட்டில் வளர்ந்தது. 1968-ல் அமெரிக்காவில் இரண்டு சபைகள் சேர்ந்து ஐக்கிய மெதடிஸ்ட் திருச்சபையானபோது, சிலுவையையும் இரட்டைச் சுடரையும் சின்னமாக வைத்துக்கொண்டார்கள். முள்முடி இல்லை, காயம் இல்லை. ஆனால் சிலுவையும் நெருப்பும் அதேதான். உயிர்த்தெழுந்த பிறகு எம்மாவு ஊருக்குப் போகும் வழியில் ஆண்டவர் பேசப் பேச, சீஷர்களின் இருதயம் கொழுந்துவிட்டு எரிந்ததே, இரண்டு ஓடைக்கும் ஊற்று அங்கேதான் என்று நான் நம்புகிறேன்.

வெஸ்லியின் வாழ்வில் ஒரு ஜன்னலும் உண்டு. 1709-ல் இங்கிலாந்தின் எப்வொர்த்தில் அவர்கள் வீடு தீப்பற்றியது. ஐந்து வயதுப் பிள்ளை ஜான் மாடியில் மாட்டிக்கொண்டான். ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி, ஜன்னல் வழியாக அவனை இறக்கினார்கள். இறக்கியதுமே கூரை விழுந்தது. சகரியா தீர்க்கதரிசி சொல்லும் ‘அக்கினியினின்று தப்புவிக்கப்பட்ட கொள்ளி’ என்று பிற்பாடு அவர் தன்னைச் சொல்லிக்கொண்டார். அந்தத் தீயிலிருந்து தப்பிய பிள்ளைக்குத்தான் முப்பத்தைந்து வயதை நெருங்கும்போது வேறொரு அனல் கிடைத்தது. பசிலிக்காவின் பெஞ்சில் உட்கார்ந்து இதை நினைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. “எனக்கும் அந்த அனல் வேண்டும் ஆண்டவரே” என்று ஜெபித்தேன். தரையில் சிவப்பு வெளிச்சம் தூண் வரைக்கும் நகர்ந்து போயிருந்தது.

வெளியே வரும்போதுதான் வாசலின் மேலே லத்தீனில் பொறித்திருக்கும் வசனத்தை நிதானமாகப் பார்த்தேன். 2 நாளாகமம் 7:16. சாலொமோன் கட்டிய ஆலயத்தைப் பற்றிக் கர்த்தர் தந்த வாக்கு. கடலூர் பஸ்ஸில் வேதாகமத்தைத் திறந்து முழு வசனத்தையும் வாசித்தேன். “என் கண்களும் என் இருதயமும் எந்நாளும் இங்கே இருக்கும்” என்று அது முடிகிறது.

ஜூன் திரு இருதய மாதம். அதற்குள் எங்கள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போக வேண்டும் என்று ஆயரம்மாவிடம் சொன்னேன். காலை ஆராதனை இல்லாத சனிக்கிழமையாகப் பார்த்து வைக்கச் சொன்னார்.