மூன்று இசபெல்களும் ஒரு மார்ஷலும்

பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் நான் வரைந்த முதல் கொடிவழி இரண்டே மாலைகளில் பிழையாகிப்போனது. இங்கிலாந்தின் பெம்புரோக் எர்ல் (எர்ல் என்பது உயர்ந்த பிரபுப் பட்டம்) வில்லியம் மார்ஷலில் தொடங்கி, ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸ் வரை கோடிழுத்து முடித்துவிட்டு, ஆண்டுகளைச் சரிபார்க்க உட்கார்ந்தபோதுதான் புரூஸின் பாட்டி 1220இல் இறந்து, 1240இல் திருமணம் செய்துகொண்டிருப்பது தெரிந்தது. இரண்டு பெண்களை ஒருத்தியாக்கியிருந்தேன். மார்ஷலின் மனைவி இசபெல் டி கிளேர், மகளும் இசபெல், அந்த மகள் மணந்துகொண்டது கிளேர் குடும்பத்தின் மற்றொரு கிளையைச் சேர்ந்த கில்பர்ட்டை, அவர்களுக்குப் பிறந்த பெண்ணுக்கும் இசபெல் என்றே பெயர் வைத்தார்கள். ஆக, பாட்டியும் பேத்தியும் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயரில், இசபெல் டி கிளேர் என்று, ஆவணங்களில் நிற்கிறார்கள். பேத்திக்குக் குடும்பப் பெயர் பாட்டி வழியாக வரவில்லை, தகப்பன் வழியாக வந்தது என்பதைக் கவனிக்காவிட்டால் ஒரு தலைமுறையே காணாமல் போய்விடும்.

அந்தத் தாளை இன்னும் கிழித்துப்போடவில்லை. இடைக்கால ஆங்கிலப் பிரபுக்களின் வம்சாவளியைத் தேடுகிறவர் பெயரை நம்பக்கூடாது, நிலத்தை நம்பவேண்டும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தப் பிழைதான்.

பெயரை ஏன் நம்பக்கூடாது என்பதற்கு மார்ஷல் என்ற சொல்லே சாட்சி. குதிரை, பணியாள் என்னும் பொருளுடைய இரு பழைய ஜெர்மானியச் சொற்கள் கூடிப் பிறந்தது அது. வில்லியமின் பாட்டனார் கில்பர்ட் மன்னர் முதலாம் ஹென்றியின் அரண்மனையில் மார்ஷல் என்ற பதவியை வகித்தார். அவருடைய மகன் ஜான், ஆவணங்களில் கில்பர்ட்டின் மகன் என்ற பொருளில் ஜான் ஃபிட்ஸ்கில்பர்ட் என்று வருகிறார். சில இடங்களில் ஜான் மார்ஷல் என்றும் வருகிறார். இரண்டும் ஒரே ஆள். பதவி பரம்பரையாகி, பரம்பரை குடும்பப் பெயராக உறைவதற்கு இரண்டு தலைமுறைகள் பிடித்தன. ஆனால் அதே காலத்தில் வேறு பல வீடுகளிலும் மார்ஷல்கள் இருந்தார்கள். அவர்களை எல்லாம் உறவினராக்கி வரைந்த மரங்களை இணையத்தில் பார்க்கும்போது, நம் ஊர்க் கணக்குப்பிள்ளைகள் எல்லாரும் ஒரே குடும்பம் என்று ஒருவர் எழுதியதைப் படிப்பதுபோல் இருக்கிறது.

கில்பர்ட்டுக்கு மேலே உறுதியான படி எதுவும் இல்லை. கில்பர்ட்டே நமக்குக் கிடைப்பதுகூட ஒரு வழக்கின் புண்ணியத்தால்தான். ஜான் மன்னர் 1200இல் வில்லியமுக்கு மார்ஷல் பதவியை உறுதிசெய்து அளித்த பட்டயத்தில், முன்பு கில்பர்ட்டும் அவர் மகன் ஜானும் முதலாம் ஹென்றியின் அவையில் வேறு இருவருடன் இந்தப் பதவிக்காக வழக்காடி வென்ற செய்தி சொல்லப்படுகிறது. பாட்டன், தந்தை, மகன் என்ற மூன்று கண்ணிகள் ஒரே ஆவணத்தில் கோக்கப்பட்டிருப்பது, இந்தத் துறையில் பொற்காசு கிடைத்ததற்குச் சமம். யாருக்கும் சண்டை இல்லாத சொத்தாக இருந்திருந்தால் கில்பர்ட்டின் பெயரும் நமக்கு வந்து சேர்ந்திருக்காது.

ஜானுக்கு இரண்டு தாரம். மூத்த தாரத்துப் பிள்ளைகள் கில்பர்ட், வால்டர். அவர்களுடைய தாயை விலக்கிவிட்டு ஜான் மணந்தது சாலிஸ்பரி பிரபுக் குடும்பத்தின் சிபிலை. இளைய தாரத்தின் இரண்டாவது மகனாக 1147ஐ ஒட்டிப் பிறந்தவர் வில்லியம். அதாவது, தகப்பனின் பிள்ளைகளில் நான்காவது. சொத்து என்று எதுவும் கையில் வர வழியில்லாத இடம். 1152இல் நியூபரி முற்றுகையின்போது சிறுவன் வில்லியம் ஸ்டீபன் மன்னரிடம் பிணையாக இருந்தான். தகப்பன் பேச்சு தவறியதால் அவனைத் தூக்கிலிடப்போவதாக மிரட்டியபோது, இதைவிட நல்ல பிள்ளைகளை அடித்துச் செய்வதற்கு என்னிடம் சம்மட்டியும் பட்டறைக்கல்லும் உண்டு என்று தகப்பன் பதில் அனுப்பியதாக ஒரு கதை இருக்கிறது. அதைச் சொல்வது, வில்லியம் இறந்தபின் அவருடைய மூத்த மகன் எழுதுவித்த, பழைய பிரெஞ்சு மொழியிலான வாழ்க்கைக் காவியம். 19,000 வரிகளுக்கு மேல் நீளும் அந்தக் கையெழுத்துப்படி 1861இல் லண்டன் ஏலம் ஒன்றில் பால் மேயர் என்ற பிரெஞ்சு அறிஞரின் கண்ணில் பட்டு, வேறொருவர் கைக்குப் போய், 20 ஆண்டுகள் கழித்தே மீண்டும் அவருக்கு அகப்பட்டது. மகன் பணம் கொடுத்து எழுதுவித்த நூலைக் கொடிவழிக்குச் சான்றாக எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. உறவு முறைகளுக்கு எடுத்துக்கொள்கிறேன், வீரப்பேச்சுகளுக்கு இல்லை.

உறவு முறை என்றதும் ஒன்று சொல்லவேண்டும். வில்லியம் இளைஞனாக இருந்தபோது அவரைத் தன் படையில் சேர்த்துக்கொண்டவர் சாலிஸ்பரி எர்ல் பேட்ரிக். 1168இல் பிரான்சின் புவாத்து நாட்டில், அரசி எலினாரின் பாதுகாப்புக்குச் சென்ற இடத்தில், பேட்ரிக் கவசம் அணியுமுன் பின்னாலிருந்து தாக்கிக் கொல்லப்பட்டார். ஆங்கில நூல்கள் அவரை வில்லியமின் 'அங்கிள்' என்று எழுதுகின்றன. அது பெரியப்பாவா, சித்தப்பாவா, தாய்மாமனா என்று தெரியாமல் தமிழில் ஒரு வாக்கியம்கூட எழுத முடியாது. சிபிலின் உடன்பிறந்தவர் என்பதால் தாய்மாமன். மூல ஆவணங்களின் லத்தீனில் இந்த வேறுபாடு இருக்கிறது: தாயின் சகோதரன் அவங்குலுஸ், தந்தையின் சகோதரன் பாத்ருவுஸ். ஆங்கிலம் இதைத் தொலைத்துவிட்டது. அதேநேரம், நெப்போஸ் என்ற லத்தீன் சொல் பேரனையும் குறிக்கும், உடன்பிறந்தாரின் மகனையும் குறிக்கும். அந்தச் சொல் வருமிடமெல்லாம் ஒரு தலைமுறை கூடவோ குறையவோ இடமுண்டு. இங்கே தமிழ்தான் நம்மை நிறுத்திக் கேள்வி கேட்கிறது.

மூத்த தாரத்துப் பிள்ளைகள் வாரிசின்றி இறந்தார்கள். உடன்பிறந்த அண்ணன் ஜானும் 1194இல் இறந்தார். பதவி வில்லியமிடம் வந்தது. அதற்குள் 1189இலேயே அவருக்குப் பெரிய திருமணம் முடிந்திருந்தது. ஸ்ட்ராங்போ என்ற பட்டப்பெயரால் அறியப்பட்ட ரிச்சர்ட் டி கிளேருக்கும், அயர்லாந்தின் லெயின்ஸ்டர் மன்னர் டெர்மட் மக்முரோவின் மகள் ஈஃபாவுக்கும் பிறந்த இசபெல்லே மணப்பெண். மாப்பிள்ளைக்கு நாற்பதைத் தாண்டிய வயது. பெண்ணுக்கு இருபதுகூட நிறையவில்லை. தென் வேல்ஸின் செப்ஸ்டோ கோட்டையும் லெயின்ஸ்டரும் இவள் வழியாகவே மார்ஷல் வீட்டுக்கு வந்தன. இதைக் கொடிவழியில் மனைவியின் பெயராக ஓரத்தில் எழுதிவைப்பது எனக்கு ஒப்பவில்லை. சொத்து வந்த வழியைப் பார்த்தால் மரத்தின் அடிமரமே அவள்தான்.

அவர்களுக்கு ஐந்து ஆண்கள், ஐந்து பெண்கள். வில்லியம் 1219இல் இறந்து லண்டன் டெம்பிள் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டபோது, இந்த வீட்டுக்கு வாரிசுப் பஞ்சம் வரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். மூத்தவர் வில்லியம் 1231இல் போனார். ரிச்சர்ட் 1234இல் அயர்லாந்தில் பட்ட காயத்தால் இறந்தார். கில்பர்ட் 1241இல் ஒரு போர் விளையாட்டில் குதிரையிலிருந்து விழுந்து மடிந்தார். வால்டரும் ஆன்செல்மும் 1245இன் கடைசியில், ஒரே மாத இடைவெளியில் இறந்தார்கள். ஐவரில் ஒருவருக்கும் சட்டப்படியான பிள்ளை இல்லை. அயர்லாந்தின் ஃபெர்ன்ஸ் ஆயர், தம் நிலங்களை மார்ஷல் பறித்துக்கொண்டதற்காக இட்ட சாபம் என்று வரலாற்றாசிரியர் மாத்யூ பாரிஸ் எழுதினார். ஐவரும் இறந்து முடிந்த பிறகு எழுதிய சாபம் பலிப்பதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

பெரும்பாலான மரங்கள் இங்கே 'வம்சம் அற்றது' என்று முடிந்துவிடுகின்றன. எனக்கோ வேலை இங்கேதான் தொடங்கியது. ஆண் வாரிசு இருந்தால் மூத்தவனுக்கே எல்லாம். பெண்கள் மட்டுமே எஞ்சினால் சமபங்கு என்பது ஆங்கிலச் சட்டம். ஆகவே 1247இல் அரசு அலுவலர்கள் மார்ஷல் நிலத்தை ஐந்தாக வகுத்தார்கள். ஐந்து மகள்களில் அப்போது உயிருடன் இருந்தவர் மூத்தவரான மாட் மட்டுமே. மற்றவர்களின் இடத்தில் அவரவர் பிள்ளைகள் நின்றார்கள். லெயின்ஸ்டரைப் பார்த்தாலே படம் தெளிவாகும். கார்லோ மாட்டுக்கு, கில்கென்னி இசபெல்லின் மகனுக்கு, கில்டேர் பாட்டியின் பெயரைத் தாங்கிய மகள் சிபிலின் பெண்களுக்கு, வெக்ஸ்ஃபோர்ட் ஜோனின் வாரிசுக்கு, டனமேஸ் ஈவாவின் பெண்களுக்கு. சிபில் டெர்பி எர்ல் வில்லியம் டி ஃபெர்ரர்ஸுக்கு வாழ்க்கைப்பட்டு ஏழு பெண்களைப் பெற்றவர். ஐந்தில் ஒரு பங்கை ஏழால் வகுத்தால் ஒவ்வொருத்திக்கும் 35இல் ஒரு பங்கு. ஈவாவின் பங்கு மூன்று மகள்களுக்கு, 15இல் ஒன்றாக. இதற்கு மேல், இறந்துபோன ஆண்களின் விதவைகளுக்கு ஆயுள்காலப் பங்கு வேறு. மூத்த மகன் வில்லியமின் விதவை எலினார், மன்னர் மூன்றாம் ஹென்றியின் தங்கை. பிறகு சைமன் டி மான்ட்ஃபோர்ட்டை மணந்துகொண்டார். அயர்லாந்து, வேல்ஸ் நிலங்களில் தமக்கு வரவேண்டியதற்காக ஆண்டுக்கு 400 பவுண்டு என்று பேசப்பட்ட தொகை போதாது என்று பல ஆண்டுகள் வழக்காடினார்.

இந்தப் பின்னங்கள்தான் கொடிவழி தேடுகிறவனுக்குக் கைவிளக்கு. 35இல் ஒரு பங்கு நிலத்தை 50 ஆண்டுகள் கழித்து ஒருவன் வைத்திருந்தால், அவன் ஏழு பெண்களில் ஒருத்தியின் வழிவந்தவன் என்று பெரும்பாலும் முடிவு கட்டலாம். பெயர் மாறும், கணவன் மாறுவான், பின்னம் மாறாது. அரசரிடம் நேரடியாக நிலம் பெற்றவர் இறந்ததும், அந்த வட்டாரத்து ஆட்களைக் கூட்டிவைத்துச் சத்தியம் வாங்கி, இன்ன நிலம் வைத்திருந்தார், இன்னார் வாரிசு, அவருக்கு இத்தனை வயது என்று எழுதிக்கொள்ளும் விசாரணைகள் 1230களிலிருந்து நமக்குக் கிடைக்கின்றன. வயதை மட்டும் அப்படியே நம்பவேண்டாம். 'இருபத்தொன்றும் அதற்கு மேலும்' என்று எழுதியிருந்தால் அவர் நாற்பது வயதுக்காரராகவும் இருக்கலாம். அரசருக்கு வேண்டியது அவர் மைனரா இல்லையா என்பது மட்டுமே, ஏனென்றால் மைனரின் நிலம் அரசரின் காவலுக்குப் போய்விடும். வயதை நிரூபிக்கத் தனி விசாரணை நடந்தால் இன்னும் சுவை: அந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்த அன்றுதான் நான் குதிரையிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டேன், அதனால் நினைவிருக்கிறது என்கிற வகையில் சாட்சிகள் சொல்வார்கள். சாட்சிக்குச் சாட்சி இதே கால்கள் முறிந்துகொண்டே இருப்பதால், எழுத்தர் கையில் ஓர் அச்சு இருந்ததோ என்ற சந்தேகமும் வரும்.

ஈவாவின் மகள் மாட் டி ப்ரியோஸ் வழியைப் பிடித்துக்கொண்டு நான் கீழே இறங்கியபோது வந்த தொல்லை வேறு வகை. அவளுடைய கணவர் ரோஜர் மார்ட்டிமர், மகன் எட்மண்ட், பேரன் ரோஜர், அவன் மகன் எட்மண்ட், பிறகு ரோஜர், எட்மண்ட், ரோஜர். பாட்டன் பெயரைத் தாங்குவதால் பெயரன் என்று நாம் சொல்வதை இந்தக் குடும்பம் ஏழு தலைமுறை பிசகாமல் செய்துகாட்டியிருக்கிறது. இவர்களை நான் பெயரால் பிரிப்பதை விட்டுவிட்டு இறந்த ஆண்டால் பிரித்தேன்: 1282இல் இறந்த ரோஜர், 1330இல் தூக்கிலிடப்பட்ட ரோஜர், 1360இல் இறந்த ரோஜர், 1398இல் இறந்த ரோஜர். கடைசி ரோஜரின் மகள் ஆன், அரச குலத்தின் கிளையான யார்க் வீட்டுக்கு மருமகளாகப் போனாள். அவளுடைய பேரன்கள்தான் இங்கிலாந்து மன்னர்கள் நான்காம் எட்வர்டும் மூன்றாம் ரிச்சர்டும். லெஸ்டர் நகரில் வாகன நிறுத்துமிடத்தின் கீழே 2012இல் தோண்டியெடுக்கப்பட்ட ரிச்சர்டின் எலும்புகள், அவருடைய அக்காளிடமிருந்து தாய் வழியாகவே இறங்கிவந்தவர்களின் மரபணுவோடு பொருந்தின. அதே அரச குலத்தில் தந்தை வழியாக வந்ததாக ஆவணங்கள் காட்டும் ஆண்களின் மரபணுவோடு பொருந்தவில்லை. எங்கோ ஒரு தலைமுறையில் தாளில் எழுதிய தகப்பன் வேறு.

என் பழைய பிழைக்கும் விடை கிடைத்தது. மார்ஷலின் மகள் இசபெல், பேத்தி இசபெல், கொள்ளுப்பேரன் ராபர்ட் டி புரூஸ், எள்ளுப்பேரன் மன்னர் ராபர்ட். புதிய தாளில் மூன்று இசபெல்களுக்கும் மூன்று நிறம் கொடுத்திருக்கிறேன்.

மூத்த மகள் மாட்டுக்கு மட்டும் நிறம் எதுவும் தேவைப்படவில்லை. நோர்ஃபோக் எர்ல் ஹியூ பிகட்டின் மனைவியாகி, அவர் இறந்தபின் சரே எர்ல் வில்லியம் டி வாரெனை மணந்து, அவரையும் இழந்தபின், தகப்பனின் பதவி தம் பங்குக்கு வந்தபோது பட்டயங்களில் தம்மை இங்கிலாந்தின் மார்ஷல் என்று முதலிலும், நோர்ஃபோக்கின் கோமகள், வாரெனின் கோமகள் என்று அதற்குப் பின்னும் எழுதிக்கொண்டார். 1248இல் அவர் இறந்தபோது, தாய் இசபெல் அடக்கமாகியிருந்த டின்டர்ன் மடத்துக்கே உடலைக் கொண்டுபோனார்கள். மூத்த கணவருக்குப் பிறந்த ரோஜர், ஹியூ, ரால்ஃப் மூவரும், இளைய கணவருக்குப் பிறந்த ஜானும், நால்வராகத் தோள்கொடுத்து உள்ளே எடுத்துச் சென்றார்கள்.