சங்கிலி திரும்பி வர எட்டு மாதம்

கல்விக் கடன் கிடைத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்றுதான் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், எல்லாரும் நினைத்திருந்தோம். கடன் கிடைப்பது வேறு, பணம் கைக்கு வருவது வேறு என்பது பல்கலைக்கழகம் இருக்கும் தஞ்சோங் மாலிமுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

எங்கள் வீடு மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில். அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறார். சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழிக் கல்வி படிக்க எனக்கு இடம் கிடைத்தது. 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய இடம் அது. கடிதத்தைப் பார்த்த அம்மா பெருமைப்படுவதற்கு முன்பே, "பதிவு நாளுக்கு எவ்வளவு வேண்டும்?" என்று கேட்டார். கட்டணம், விடுதி, மெத்தை விரிப்பு, வாளி என்று கணக்குப் போட்டோம். மறுநாள் அம்மாவின் கழுத்தில் சங்கிலி இல்லை. அடகுக் கடையில் 900 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்திருந்தார்கள்.

உயர்கல்விக்கு அரசு தரும் பி.டி.பி.டி.என். கடனுக்கு ஆண்டுக்கு 1 விழுக்காடுதான் நிர்வாகக் கட்டணம். அடகுக் கடையிலோ மாதத்துக்கே 2 விழுக்காடு வட்டி. மாதம் 18 வெள்ளி. மலிவான கடன் தாமதமாக வரும், விலை உயர்ந்த கடன் அரை மணி நேரத்தில் வரும். தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்புச் செலவில் பாதிக் கதை இதுதான் என்பேன். பதிவுக்கு முன்பே விண்ணப்பித்தால் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 1,500 வெள்ளி முன்பணம் உண்டு என்பதையும் நான் விடுதியில் பக்கத்துக் கட்டில் தோழி சொல்லித்தான் அறிந்தேன். அதற்குள் நாள் கடந்துவிட்டது.

என் கடன் தாமதமானதற்குக் காரணம் ஒரே ஓர் எழுத்து. என் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயரில் ஓர் ஆங்கில எழுத்து கூடுதல். அவருடைய அடையாள அட்டையில் அது இல்லை. அந்தக் காலத்தில் பெயரைச் சொன்னால் காதில் விழுந்தபடி எழுதிக்கொள்வார்கள். என் பிறப்பைப் பதியப் போன, படிக்கத் தெரியாத தாத்தா அதைத் திருத்தவா போகிறார்? இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணக் கடிதம் எடுக்க, அப்பா ஒருநாள் வேலையை விட்டுவிட்டு ஈப்போவுக்குப் போனார். சம்பளச் சீட்டு, தோட்ட நிர்வாகியின் கடிதம், எஸ்.எஸ்.பி.என். என்ற கல்விச் சேமிப்புக் கணக்கு என்று எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி அனுப்பினேன். பணம் கணக்கில் ஏறியது நான்காவது மாதத்தில்! பாக்கியைக் கட்டியபின் மீந்தது சங்கிலிக்குப் போதவில்லை. அடுத்த பருவத்துப் பணம் வந்த பிறகுதான் அது வீடு திரும்பியது. வட்டி மட்டும் 144 வெள்ளி.

விண்ணப்பிக்கப் போகிறவர்கள் இடம் கிடைக்கும்வரை காத்திராமல், இன்றைக்கே பிறப்புச் சான்றிதழையும் பெற்றோரின் அடையாள அட்டைகளையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கெழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாம் ஆண்டில், மாலையில் டியூஷன் சொல்லிக்கொடுக்க வசதியாக இருக்கும் என்று விடுதியை விட்டு வெளியே வந்தேன். வீடு தேடுவது தனிப் படலம். தொலைபேசியில் பெயரைச் சொன்னதும் "வீடு போய்விட்டது" என்று இரண்டு இடங்களில் பதில் வந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அதே வாசலில் அதே அறிவிப்பு அட்டை தொங்குகிறது. கடைசியில் பெர்னாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் உலு பெர்னாமில் ஒரு வரிசை வீடு கிடைத்தது. அது சிலாங்கூர் மாநிலம், தஞ்சோங் மாலிம் பேராக். பேராக்கில் படித்துவிட்டுத் தூங்க சிலாங்கூருக்குப் போகிறோம் என்று சிரித்துக்கொள்வோம்.

வாடகை 720 வெள்ளி. நுழையும்போது இரண்டு மாத வைப்புத்தொகை, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை எல்லாம் சேர்த்து 2,520. ஆறு பேர், ஆளுக்கு 420. பருவம் தொடங்கும் முன்பே இதைக் கொடுக்க வேண்டும். கடன் பணமோ தொடங்கிய பிறகுதான் வரும். முதலாண்டில் சூடுபட்டவள் ஆதலால், முந்தைய பருவத்துப் பணத்தில் 500 வெள்ளியைத் தொடாமல் வைத்திருந்தேன்.

சமையல் முறை வைத்துத்தான். சோறு, பருப்பு, நெத்திலிச் சம்பல், மாதக் கடைசியில் டின்னில் வரும் சாடின் மீன். தஞ்சோங் மாலிம் பாவுக்கு, அதாவது உள்ளே பூரணம் வைத்து ஆவியில் வேகவைத்த ரொட்டிக்கு, பெயர் போனது. டியூஷன் காசு வந்த அன்று மட்டும் ஆளுக்கு ஒன்று. பேராங் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் எட்டுப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தேன். தலைக்கு 30 வெள்ளி. என் பங்கு வாடகை, தோழியின் மோட்டாருக்குப் பெட்ரோல் எல்லாம் அதில்தான் ஓடின. இரண்டு பிள்ளைகளிடம் நான் கேட்கவே இல்லை. அவர்களுடைய அம்மா கொல்லைப்புற முருங்கைக்கீரையைக் கட்டுக்கட்டாகக் கொடுத்தனுப்புவார்.

படிப்பு முடிந்து வீட்டை அடுத்த அணிப் பெண்களிடம் ஒப்படைத்தோம். வைப்புத்தொகையை வீட்டுக்காரரிடம் கேட்பதில்லை. வருகிறவர்கள் போகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவது அங்கே வழக்கம். ஆளுக்கு 300 வெள்ளி. என் அறைக்கு வந்த பெண் பையைக்கூட இறக்கி வைக்காமல் நின்றாள்.

"அக்கா, கடன் பணம் இன்னும் ஏறவில்லை. இரண்டு தடவையாகத் தரலாமா?"

"தீபாவளிக்குள் கொடு" என்றேன்.