பொரே என்றால் பிறகு

மேற்கு வங்காளத்தில் நான் வேலை பார்க்கும் வங்கியின் கவுண்டரில், கடன் வாங்கியிருந்த அந்த டோட்டோக்காரர், அதாவது பேட்டரி ரிக்ஷா ஓட்டுபவர், கேட்டது ஒரே சொல்: "ஷூத்?" நான் சொன்னதும் ஒரே சொல்: "பொரே." வங்காளத்தில் ஷூத் என்றால் வட்டி, பொரே என்றால் பிறகு. வட்டியைப் பிறகு சேர்த்துக் கட்ட வேண்டும் என்று நான் சொன்னேன். வட்டியே பிறகுதான் ஆரம்பிக்கும் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

2020 மே 20 அன்று ஆம்பன் புயல் வடக்கு 24 பர்கனாஸைப் புரட்டிப் போட்டது. இரண்டே நாளில் ரிசர்வ் வங்கி, கடன் தவணையைத் தள்ளிக் கட்ட அனுமதிக்கும் மொராட்டோரியத்தை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. அந்தச் சொல்லை வரிசையில் நிற்பவர்களுக்கு எப்படிச் சொல்வது? சக ஊழியரிடம் கேட்டு 'ஸ்தொகிதொ' என்று உள்ளங்கையில் எழுதிவைத்திருந்தேன், சானிடைசர் பட்டுப்பட்டு மதியத்துக்குள் வெறும் நீலக் கறையாகிவிட்டது. "தாதா, கிஸ்தி ஸ்தொகிதொ." அண்ணா, தவணை தள்ளிவைப்பு என்று அர்த்தம். கிஸ்தி நமக்கும் தெரிந்த சொல்தான். "மொகுப்?" என்றார், தள்ளுபடியா என்று. இல்லவே இல்லை என்று மறுத்தேன். அதையாவது சரியாகச் சொன்னேன்.

அதே வாரம் தம்பி தன் பைக் கடனைப் பற்றி போனில் கேட்டபோது, "வட்டி ஓடும்டா, முடிஞ்சா கட்டிடு" என்று யோசிக்காமல் சொன்னேன். வங்காளத்திலும் அப்படியேதான் சொல்வார்களாம், ஷூத் சொல்பே. அந்த சொல்பேவை டீக்கடையில் தினமும் கேட்கிறேன், ஆனால் 'சரி, போதும்' என்ற பொருளில் மட்டும்தான் அதைத் தெரிந்துவைத்திருந்தேன்.

சொல்லியிருந்தாலும் அவர் என்ன செய்திருப்பார்? லோக்கல் ரயில் நவம்பர் 11 வரை ஓடவில்லை, ஸ்டேஷன் சவாரி இல்லாமல் டோட்டோவுக்கு ஏது வருமானம்? இப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அன்று பிளாஸ்டிக் கவரில் மடித்துக் கொண்டுவந்த ஒரு தவணைப் பணத்தை அவர் கவுண்டரில் வைத்திருந்தார். பொரே என்றதும் எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நவம்பரில் பாஸ்புக்கோடு வந்தார். பாக்கி ஏறக்குறைய ஒரு லட்சம், 12 சதவீத வட்டி, ஆறு மாதத்தில் 6,000 ரூபாய்க்கு மேல் ஏறியிருந்தது. வட்டிக்கு வட்டி என்று அரசு திருப்பிக் கொடுத்தது 150 ரூபாய் சொச்சம். அவர் சண்டை போடவில்லை. "நீங்கள் பொரே என்றீர்களே" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அப்புறம் அவராகவே சொன்னார், அந்தக் கவர் பணத்தில்தான் புயலில் பறந்த கூரைக்குத் தகரம் வாங்கினாராம். நான் சரியாகச் சொல்லியிருந்தால் அதை அன்றே கட்டிவிட்டுப் போயிருப்பார்.