தடைக்கு முன் கடைசிக் கடல்: விசைப்படகைக் கரை சேர்த்துக் கட்டுவது

கிழக்குக் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடை ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை. பல நாள் தங்கி இழுவலை போடும் நாகை விசைப்படகுகள் ஏப்ரல் 14 இரவுக்குள் கரை பிடித்தால் போதும் என்று கணக்குப் போடுவார்கள். அன்று சித்திரை முதல் தேதி வேறு. எல்லாப் படகும் ஒன்றாக வந்து அடையும், கூலிக்கு ஆளும் கிடைக்காது. ஒரு நாள் முந்தி வருவதே புத்தி.

கடுவையாற்று முகத்துவாரத்தில் நிதானம் வேண்டும். இந்தக் கரையில் நீரேற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனாலும் மணல் திட்டின் மேல் அரையடித் தண்ணீர் கூடினால்கூடப் படகின் அடியில் நீளும் அடிக்கட்டைக்குப் பிழைப்பு. ஏற்றம் முடிவதற்குச் சற்று முன் நுழையுங்கள். தட்டினாலும் ஏறும் தண்ணீர் தூக்கிவிடும். வற்றத் தொடங்கிய பிறகு தட்டினால் அடுத்த ஏற்றம் வரை அலையிடம் அடிவாங்க வேண்டியதுதான். வற்றில் ஆற்று ஓட்டம் வெளியே பாய, எதிரே வரும் அலை நிமிர்ந்து உடையும். வலையின் மடி, வாயை விரித்துப்பிடிக்கும் இழுபலகை எல்லாவற்றையும் முன்பே உள்ளே ஏற்றிக் கட்டுங்கள். தளர்ந்து கிடக்கும் ஒரு கயிறு கடலில் நழுவி, படகைத் தள்ளும் விசிறியில் சுற்றினால் எஞ்சின் நின்றுவிடும். அதனால் நங்கூரம் படகின் முன்முனையான அணியத்தில் தயாராக இருக்கட்டும்.

மீன் இறக்கியதும் படகின் மீன் கிடங்கைக் கழுவ ஆளை உடனே இறக்காதீர்கள். அடியில் அழுகிய கழிவுமீனும் ஐஸ் தண்ணீரும் சேர்ந்து ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுவை உண்டாக்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். வாயு கூடினால் மூக்கு மரத்துவிடும். "நாத்தம் போயிருச்சு, எறங்கலாம்" என்று சொல்லும் நேரம்தான் ஆபத்து. இந்த வாயு காற்றைவிடக் கனம். மூடியைத் திறந்துவைத்தால் மட்டும் போகாது. ஊதுவிசிறிக் குழாயை அடிவரை விட்டு நல்ல காற்று செலுத்துங்கள். இறங்குபவர் இடுப்பில் கயிறு, மேலே அதைப் பிடிக்க ஆள். உள்ளே ஒருவர் விழுந்தால் கயிற்றால் இழுங்கள், காப்பாற்ற இன்னொருவர் குதிக்கக் கூடாது. இரண்டு உயிர் போவது அப்படித்தான். கழுவும்போது பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டைக் கலக்காதீர்கள், குளோரின் கிளம்பும்.

எஞ்சின் சூடாக இருக்கும்போதே பழைய ஆயிலை இறக்குங்கள். சூட்டில் கசடும் சேர்ந்து வெளியேறும். உள்ளே விட்டுவைத்தால் அதிலுள்ள அமிலம் இரண்டு மாதமும் பேரிங்கைத் தின்னும். புது ஆயில் ஊற்றிய பிறகு, எஞ்சினைக் குளிர்விக்கக் கடல் தண்ணீர் ஓடும் குழாய்களில் நல்ல தண்ணீர் விட்டு ஓட்டுங்கள். பிறகு அந்தத் தண்ணீரைத் தள்ளும் பம்பின் ரப்பர் இதழ்ச் சக்கரத்தை (இம்பெல்லர்) கழற்றிவையுங்கள்; இருந்த இடத்திலேயே விட்டால் இதழ்கள் மடிந்தபடி நின்றுபோகும். டீசல் டேங்கை நிரப்பி வைப்பது நல்லது. காலியிடத்தில் காற்றின் ஈரம் நீராகி அடியில் இறங்கும், பிறகு ஃபில்டரில் தொல்லை. பேட்டரியை முழுதாக ஏற்றி (12 வோல்ட் பேட்டரி என்றால் சார்ஜரை எடுத்து ஓய்ந்த பின் 12.6 வோல்ட் அளவு காட்டும்), நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள்.

வலையை இழுக்கும் வின்ச்சின் கம்பிக் கயிற்றில் உப்பு இருக்கும்போதே கிரீஸ் பூசுகிறார்கள். அது துருவை உள்ளே பூட்டிவைக்கும் வேலை. கழுவி, காயவைத்து, அப்புறம் பூசுங்கள். வலையை நிழலில் காயப்போடுங்கள். மீன் துணுக்கு ஒட்டியிருந்தால் எலி கடிக்கும்.

மரப்படகைக் கரையேற்றினால் சித்திரை வெயிலில் பலகை சுருங்கி இடுக்கு விரியும். கீற்றுக்கொட்டகை போடுங்கள், அல்லது ஈரச்சாக்கு போர்த்துங்கள். திரும்ப இறக்கிய முதல் நாள் தண்ணீர் கசியத்தான் செய்யும். பலகை ஊறி இறுகும்வரை, அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்பு பக்கத்திலேயே இருக்கட்டும்.